பணிநீக்கமா, மாற்றலா? ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில், 1968

1968 மே 9, வியாழக்கிழமை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் வட்டாரப் பள்ளிகளில் வேலை பார்த்த 19 பேருக்கு ஒரு கடிதம் வந்தது. 13 பேர் ஆசிரியர்கள், 5 பேர் உதவித் தலைமையாசிரியர்கள், ஒருவர் தலைமையாசிரியர். அனுப்பியது, அந்தப் பள்ளிகளை நடத்தச் சோதனையாக அமைத்த உள்ளூர் நிர்வாகக் குழு. கடிதம் சின்னதுதான். இந்த வட்டாரப் பள்ளிகளில் உங்கள் வேலையை முடித்துவிட நிர்வாகக் குழு வாக்களித்திருக்கிறது, இது உடனே அமலுக்கு வருகிறது என்று ஆரம்பித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, லிவிங்ஸ்டன் தெரு 110ஆம் எண்ணில் இருக்கும் கல்வி வாரியத்தின் பணியாளர் பிரிவுக்குப் போய் வேறு இடத்தில் வேலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதே நாள் மாலை 6 மணிக்குக் குழுவை வந்து பார்க்கலாம் என்று முடித்தது.

இந்த விவகாரத்தைப் பற்றி எப்போது படித்தாலும் நான் நின்றுவிடுவது இந்தக் கடிதத்தில்தான். இது பணிநீக்கமா, மாற்றலா? அரைப் பக்கத்துக்குள் இரண்டுமாக எழுதியிருக்கிறார்கள். அனுப்பிய குழு பின்னாளில் 'நாங்கள் யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, மாற்றல்தான் செய்தோம்' என்றது. பெற்றுக்கொண்டவர்களோ 'காரணம் சொல்லாமல், விசாரணை இல்லாமல் வெளியே போ என்கிறார்கள்' என்றார்கள். இரு பக்கமும் அந்தக் கடிதத்திலிருந்தே வரி எடுத்துக் காட்ட முடிந்தது.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், கூடவே கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த புவேர்ட்டோ ரிக்கர்கள். கடிதம் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர், அதில் மிகப் பெரும்பாலோர் யூதர். அந்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள் நகரம் மூன்று ஆசிரியர் வேலைநிறுத்தங்களைப் பார்த்தது. மொத்தம் 36 பள்ளி நாட்கள் போயின. 50,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் இடையிலான உறவைப் பற்றி யார் பேசினாலும் இந்த இடத்துக்கு வந்துதான் தீர வேண்டும். அதுவரை தோழர்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டது இங்கேதான்.

தோழமை என்று சொன்னது பொய்யில்லை

அந்தத் தோழமையே ஒரு கட்டுக்கதை என்று இப்போது சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சியர்ஸ் சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த யூதர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் 1932க்குள் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்டின் பணம் ஒரு பங்குதான். தங்களுக்கென்று ஒன்றுமே இல்லாத கறுப்பினக் குடும்பங்கள் காசாகவும் நிலமாகவும் மரமாகவும் உடல் உழைப்பாகவும் இன்னொரு பங்கைப் போட்டன. இதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் தர்மக் கதையாகிவிடும்.

1964 ஜூன் 21 இரவு மிசிசிப்பியின் நெஷோபா கவுன்டியில் கொல்லப்பட்ட சிவில் உரிமைத் தொண்டர் மூவரில் ஜேம்ஸ் சேனி அந்த மண்ணைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். ஆண்ட்ரூ குட்மனும் மைக்கேல் ஷ்வெர்னரும் நியூயார்க்கிலிருந்து போன யூத இளைஞர்கள். மூன்று உடல்களும் ஆகஸ்ட் 4 அன்று ஒரே மண் அணைக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன.

இந்த விவகாரத்தின் நடுவில் நிற்கப் போகிற ஆசிரியர் சங்கமும் வெளியில் நின்று வேடிக்கை பார்த்ததல்ல. 1960இல் தொடங்கிய ஒன்றுபட்ட ஆசிரியர் கூட்டமைப்பு மிசிசிப்பியில் கறுப்பினத்தவருக்காக நடந்த விடுதலைப் பள்ளிகளுக்குத் தன் உறுப்பினர்களை அனுப்பியது. அதன் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1965இல் மார்ட்டின் லூதர் கிங்கின் செல்மா வாக்குரிமைப் போராட்டத்துக்கு நேரில் போனவர். 1963 வாஷிங்டன் பேரணியை ஏற்பாடு செய்த பேயர்ட் ரஸ்டின் இந்தச் சங்கத்துக்கு நெருங்கிய நண்பர். இத்தனையும் மே 9க்கு முன்னால் நடந்தவை. அந்தக் கடிதம் வந்தபோது ஷாங்கருக்கு ஏற்பட்ட கோபத்தில் 'நமக்கே இப்படியா' என்ற மனக்காயமும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு பேட்டை, இரண்டு தலைமுறை

சரி, பிரவுன்ஸ்விலுக்கு வருவோம். 1920களிலும் 30களிலும் அது யூதத் தொழிலாளர் பேட்டை. தையல் வேலை, தள்ளுவண்டிக் கடை, கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் பேச்சு, தெருவுக்குத் தெரு தொழுகைக்கூடம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் அதே வீடுகளில் குடியேறினார்கள். தொழுகைக்கூடங்கள் பல தேவாலயங்களாயின. 1960களில் அங்கே குடியிருந்தவர்கள் ஏறக்குறைய முழுவதும் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கர்களும்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் காலையில் வந்து இறங்கி மாலையில் திரும்பிப் போகிறவர்கள் யூத ஆசிரியர்கள். பிட்கின் அவென்யூ கடைகளிலும் முதலாளிகள் பலர் யூதராகவே இருந்தார்கள்.

ஒரு கறுப்பினத் தாயின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் அன்றாட வாழ்க்கையில் எதிர்கொள்ளும் வெள்ளை முகங்களில் வாடகை வாங்குகிறவர், கடன் எழுதுகிறவர், பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர் என்று பலர் யூதர். வங்கியும் மாநகராட்சியும் கல்வி வாரியத் தலைமையும் வேறு ஆட்களிடம் இருந்தன. அவர்களை இவர் பார்க்கவே வாய்ப்பில்லை. கோபம் கைக்கு எட்டியவர்கள் மேல்தான் விழும்.

இப்போது அந்த ஆசிரியையின் இடத்திலிருந்து. அவருடைய பெற்றோர் காலத்தில் ஹார்வர்டும் கொலம்பியாவும் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தன. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் யூதப் பெயரைப் பார்த்தாலே விண்ணப்பத்தை ஒதுக்கின. காசில்லாமல் படிக்க நகரத்தின் சிட்டி காலேஜ் இருந்தது. படித்து முடித்தால் ஆசிரியர் வேலைக்குத் தேர்வு இருந்தது. பெயர் பார்க்காமல் மதிப்பெண் பார்த்து வேலை தருகிற கதவு அந்த ஒன்றுதான் என்று அவர்கள் நம்பினார்கள். 1930களின் பஞ்ச காலத்தில் ஒரு ஆசிரியர் வேலை மொத்தக் குடும்பத்தையும் தூக்கி நிறுத்தியது.

அந்தத் தேர்வை நடத்தியது தேர்வாளர் வாரியம் என்ற தனி அமைப்பு. எழுத்துத் தேர்வு, அதற்கு மேல் பேச்சுத் தேர்வு. உச்சரிப்பு சரியில்லை என்று ஆளைக் கழித்துவிடலாம். 1930களில் இத்திஷ் வாடை அடித்த ஆங்கிலத்துக்காக யூத இளைஞர்கள் கழிக்கப்பட்டார்கள். அவர்கள் நாக்கை மாற்றிப் பழகிக்கொண்டு மறுபடி வந்து ஜெயித்தார்கள். 1960களில் அதே அறையில் தெற்கத்திப் பேச்சுக்காகக் கறுப்பினப் பட்டதாரிகள் கழிக்கப்பட்டார்கள். 'நாங்கள் கஷ்டப்பட்டுத் தாண்டினோம், நீங்களும் தாண்டுங்கள்' என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று இங்கே புரியும். அந்தப் பேச்சு கறுப்பினப் பெற்றோர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதும் புரியும். நகரப் பள்ளிகளில் பாதிக்கு மேல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள். ஆசிரியர்களில் பத்தில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாசிப்பில் வருடக்கணக்கில் பின்தங்கி இருந்தார்கள்.

பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை

இனம் பிரிக்காமல் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வையுங்கள் என்று கறுப்பினப் பெற்றோர் கேட்டுக்கேட்டு ஓய்ந்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. பத்து வருடம் கழித்தும் நியூயார்க்கில் அசைவில்லை. 1964 பிப்ரவரி 3 அன்று பாதிரியார் மில்டன் கலாமிசனும் ரஸ்டினும் பள்ளிப் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். 4,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. ஐந்து மாதம் முன்பு வாஷிங்டனில் கூடிய கூட்டத்தைவிடப் பெரிய எண்ணிக்கை இது. கல்வி வாரியம் அதற்கும் அசையவில்லை. 1966இல் ஹார்லெமில் 201ஆம் எண் இடைநிலைப் பள்ளியைப் புதிதாகத் திறந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளும் வருவார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள், வரவில்லை. அப்போதுதான் பெற்றோர் கேள்வியை மாற்றினார்கள். வெள்ளைப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றால், எங்கள் பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளியை எங்கள் கையில் கொடுங்கள். தலைமையாசிரியர் யார், என்ன பாடம், பணம் எப்படிச் செலவாகிறது, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதற்குச் 'சமூகக் கட்டுப்பாடு' என்று பெயர் வந்தது.

மேயர் ஜான் லிண்ட்சே இதை விரும்பினார். மெக்ஜார்ஜ் பண்டி தலைமையில் இருந்த ஃபோர்டு அறக்கட்டளை பணம் தர முன்வந்தது. 1967இல் மூன்று சோதனை வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டன. ஹார்லெமில் ஒன்று, மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ஒன்று, மூன்றாவது ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில். இங்கே 8 பள்ளிகள். பெற்றோர் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிரியார் சி. ஹெர்பர்ட் ஆலிவர் குழுத் தலைவரானார். நகரப் பள்ளிகளில் பல வருடம் வேலை பார்த்து, மேலே போக வழியில்லாமல் நின்றிருந்த ரோடி மெக்காய் என்ற கறுப்பினக் கல்வியாளர் வட்டார நிர்வாகியானார். வந்த கொஞ்ச நாளிலேயே பரவலாகப் பேசப்பட்ட நியமனங்கள் நடந்தன. 155ஆம் எண் பள்ளிக்கு வந்த லூயிஸ் ஃபுவென்டெஸ் நகரத்தின் முதல் புவேர்ட்டோ ரிக்கத் தலைமையாசிரியர். அவர் பள்ளியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த வகுப்புகள் தொடங்கின.

இவ்வளவு செய்தவர்கள் அடிப்படையான ஒன்றை எழுதி வைக்கவில்லை. ஓர் ஆசிரியர் வேண்டாம் என்று குழு நினைத்தால் அவரை அனுப்ப அதற்கு அதிகாரம் உண்டா, இல்லையா? கல்வி வாரியம் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனது. குழுவுக்கு அதிகாரம் இருப்பதாகக் குழு நினைத்தது. இல்லை என்று நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெர்னார்ட் டோனவன் நினைத்தார். பிள்ளைகள் தேறாவிட்டால் பழி மட்டும் குழுவின் மேல்.

என் மனத்தில் இந்த விவகாரத்தின் முதல் குற்றவாளி இதுதான். சண்டை போட்ட இருவரையும் ஒரே வாசலில் நிறுத்தி, சாவி யாரிடம் என்று சொல்லாமல் போனவர்கள் மேலே இருந்தார்கள். அவர்களில் யார் பிள்ளையும் 271ஆம் எண் நடுநிலைப் பள்ளியில் படிக்கவில்லை. யாருக்கும் அங்கே வேலையும் இல்லை.

சங்கத்துக்கும் குழுவுக்கும் இடையே முதல் விரிசல் 1967 செப்டம்பரிலேயே விழுந்தது. அப்போது சங்கம் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, வகுப்பைக் குலைக்கும் பிள்ளையை வெளியே அனுப்ப ஆசிரியருக்கு அதிகாரம் வேண்டும் என்பது. யார் பிள்ளை வெளியே போவான் என்று கறுப்பினப் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆல்பர்ட் வான் தலைமையிலான ஆப்பிரிக்க அமெரிக்க ஆசிரியர் சங்கம் அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தது. ஓஷன் ஹில் பள்ளிகள் திறந்தே இருந்தன. அதே வருடம் ஜூன் மாத அரபு–இஸ்ரேல் போருக்குப் பிறகு இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சும் உள்ளே நுழைந்திருந்தது. கறுப்பின இயக்கங்களில் ஒரு பகுதி வெளிப்படையாகப் பாலஸ்தீனர் பக்கம் நின்றதை யூதர் பலர் முதுகில் குத்தியதாக எடுத்துக்கொண்டார்கள்.

1968 ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். ஐந்து வாரம் கழித்து அந்தக் கடிதம்.

மூன்று வேலைநிறுத்தங்கள்

பட்டியலில் முதலில் பேசப்பட்ட பெயர் ஃபிரெட் நாமன். 271இல் சங்கத்தின் கிளைத் தலைவர் அவர். அந்த ஒரு பெயர் போதும், ஷாங்கருக்கு இது சங்கத்தின் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. கிளைத் தலைவரையே ஒரு கடிதத்தால் அனுப்ப முடியும் என்றால் சங்கம் எதற்கு? மே மாதக் கடைசியில் வட்டாரத்தின் சங்க ஆசிரியர்கள் சுமார் 350 பேர் வெளியே வந்தார்கள், அந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை திரும்பவில்லை.

கோடையில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி பிரான்சிஸ் ரிவர்ஸ், கறுப்பினத்தவர். ஆகஸ்ட் 26 அன்று, எஞ்சியிருந்த 10 ஆசிரியர்கள் மேல் சொன்ன குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். குழு அதை ஏற்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை கேள்வியே வேறு. ஆசிரியர் தப்பு செய்தாரா என்பதைவிட, அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது என்பதுதான் அவர்கள் கேட்டது. வெள்ளையர் பகுதிகளில் பிடிக்காத ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஒரு தொலைபேசி அழைப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது அன்று சாதாரணம். அந்தச் சலுகை நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் சத்தமில்லாமல் செய்வதை அவர்கள் பகிரங்கமாக, கடிதம் போட்டு, 'வேலை முடிந்தது' என்ற சொல்லோடு செய்தார்கள். தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஊருக்குக் காட்டவே அப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

செப்டம்பர் 9 அன்று பள்ளி திறக்க வேண்டிய நாள், முதல் வேலைநிறுத்தம். இரண்டே நாளில் உடன்பாடு ஆனது. சங்க ஆசிரியர்கள் 11ஆம் தேதி திரும்பினார்கள். வகுப்புக்குப் போகச் சொல்லாமல், 55ஆம் எண் இடைநிலைப் பள்ளியின் அரங்கத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே போய் உட்கார்ந்தவர்களைச் சுற்றி வட்டாரத்து ஆட்கள் நின்று கத்தினார்கள், திட்டினார்கள். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். சவப்பெட்டியில்தான் வெளியே போவீர்கள் என்று மிரட்டல் வந்தது. அந்த இருட்டில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் பின்னாளில் எவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள் என்று எழுதுகிறவர்கள், இந்த அரங்கத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது வேலைநிறுத்தம் 13ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசிவரை ஓடியது. அக்டோபர் 14 அன்று தொடங்கிய மூன்றாவதுதான் நீண்டது, நவம்பர் 17 வரை. அந்த வாரங்களில் நகரத்தின் பெரும்பாலான பள்ளிகள் மூடிக் கிடந்தபோதும் ஓஷன் ஹில்லில் பாடம் நடந்தது. நகரத்தின் வேறு சில இடங்களிலும் பூட்டிய கதவைத் திறந்து பெற்றோர் உள்ளே போனார்கள். மறுபடி யாரும் பூட்டிவிடாதபடி இரவில் பள்ளியிலேயே படுத்துக்கொண்டார்கள். காலையில் பிள்ளைகள் போலீஸ் வரிசைக்கும் மறியல் வரிசைக்கும் நடுவே புத்தகப் பையோடு நடந்து போனார்கள். வெளியேறியவர்களுக்குப் பதிலாக மெக்காய் எடுத்த புது ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்களே. அதில் கணிசமானோர் இருபது வயது தாண்டிய யூத இளைஞர்கள். வெளியே மறியலில் நின்ற நாற்பது வயது யூத ஆசிரியரைக் கடந்து உள்ளே போன அந்த இளைஞருக்கு, அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு கிடைத்திருக்கும்!

ஐந்து லட்சம் பிரதிகள்

இதுவரை நடந்ததை ஒரு வேலைத் தகராறு என்று இழுத்துப் பிடித்துச் சொல்லிவிடலாம். துண்டுப் பிரசுரம் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

பள்ளியில் ஆசிரியர்களின் அஞ்சல் பெட்டிகளில் ஒரு தாள் கிடந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தங்கள் வரலாற்றை யார் சொல்லித் தர வேண்டும் என்று அதில் பேசியிருந்தார்கள். யூதர்களை மத்தியக் கிழக்கின் கொலைகாரர்கள், இரத்தம் உறிஞ்சுகிறவர்கள் என்று சாடியிருந்தார்கள். படித்தால் வயிற்றைப் பிரட்டும் எழுத்து. நிர்வாகக் குழு இது எங்களுடையது இல்லை, யூத வெறுப்புக்கு எங்களிடம் இடமில்லை என்று அறிக்கை விட்டது.

சங்கம் அந்தத் தாளை எடுத்தது. வேறொரு தாளோடு சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சடித்தது. 5,00,000 பிரதிகள் போட்டு நகரம் முழுக்க விநியோகித்தது.

இங்கே நான் யாருக்கும் சலுகை தர விரும்பவில்லை. அந்தத் தாளை எழுதியவர் வெறுப்பை எழுதினார், அதில் சந்தேகமில்லை. யூத ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் புரண்டார் என்றால் அது மிகையில்லை. ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைக் கொன்று முடித்து அப்போது 23 வருடம்தான் ஆகியிருந்தது. உறவினர்களை இழக்காத குடும்பம் குறைவு. ஆனால் ஒரு பள்ளியின் அஞ்சல் பெட்டிகளில் கிடந்த விஷத்தை ஐந்து லட்சம் வீட்டுக்குக் கொண்டுபோனது சங்கம். அதுவரை ஓஷன் ஹில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத குவீன்ஸ் பகுதி யூதக் குடும்பத்துக்கு, அந்த வட்டாரமே இப்படித்தான் என்று ஆகிவிட்டது. ஷாங்கர் மக்களை எச்சரிக்கவே செய்தேன் என்றார். வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கூடியதும் உண்மை. அக்டோபர் நடுவில் மேயர் லிண்ட்சே ஃபிளாட்புஷ் பகுதியில் ஈஸ்ட் மிட்வுட் யூத மையத்துக்குப் பேசப் போனபோது அவரைப் பேசவிடாமல் கத்தி விரட்டினார்கள்.

வேலைநிறுத்தம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகும் ஓயவில்லை. டிசம்பர் 26 அன்று டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலியில் ஜூலியஸ் லெஸ்டர் என்ற கறுப்பின எழுத்தாளரின் நிகழ்ச்சி. விருந்தினர் 271இன் ஆசிரியர் லெஸ்லி கேம்பல். ஒரு மாணவப் பிள்ளை எழுதிய கவிதையை அவர் வாசித்தார். ஷாங்கருக்குச் சமர்ப்பணம் செய்த கவிதை. தலையில் தொப்பி போட்ட யூதப் பையா, நீ செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரித் தொடங்கியது. எழுதிய பிள்ளைக்கு வயது 15. இந்தப் பிள்ளைகளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊர் கேட்கட்டும் என்றுதான் வாசிக்கச் சொன்னேன் என்றார் லெஸ்டர். ஊர் கேட்டது வேறு. வானொலி நிலையத்தின் வாசலில் போராட்டம், மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தில் புகார். ஆணையம் புகாரை ஏற்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசிய பெரியவர் யாராவது இருந்தாரா என்பதுதான் என்னை வாட்டும் கேள்வி. எல்லோரும் கவிதையைப் பற்றியே பேசினார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லெஸ்டரின் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். லெஸ்டர் 1980களின் தொடக்கத்தில் தானே யூத மதத்தைத் தழுவினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

கறுப்பினத்தவர் ஒரு பக்கம், யூதர் மறுபக்கம் என்று இந்த விவகாரத்தைச் சொல்வது சுலபம். ஆட்களின் பெயரைப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை. ஆசிரியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன ரிவர்ஸ் கறுப்பினத்தவர். 1968 அக்டோபரில் நியூயார்க் குடிமை உரிமைகள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழி கல்வி வாரியத்தையும் ஆசிரியர் சங்கத்தையும் சேரும், 'முறையான விசாரணை' என்ற முழக்கம் சமூகக் கட்டுப்பாட்டை முடக்கப் பயன்பட்ட திரை என்று அந்த அறிக்கை வாதாடியது. அந்த அமைப்பின் இயக்குநர் ஆரியே நெய்யர், பெர்லினில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்.

ரஸ்டினும் மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபும் ஆசிரியர் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கறுப்பினத் தொழிலாளிக்காகப் போராடியவர்கள். காரணமில்லாமல் ஒருவரை வேலையிலிருந்து தூக்கலாம் என்று இன்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு முதலில் தூக்கப்படுகிறவர் கறுப்பினத்தவர்தான் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்காகத் தங்கள் மக்களிடமே பெயர் கெட்டது. 1964இல் புறக்கணிப்பைச் சேர்ந்து நடத்திய ரஸ்டினும் கலாமிசனும் 1968இல் எதிரெதிர்ப் பக்கம். எனக்கு ரஸ்டின் சொன்னதில் பாதி சரியாகவும் பாதி அந்த நேரத்துக்குப் பொருந்தாததாகவும் படுகிறது. விதி எல்லோரையும் காக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த விதியின் நிழலே விழாத இடத்தில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் அதைச் சொன்னார்.

பிறகு

நவம்பர் உடன்பாட்டில் வட்டாரம் மாநில அரசு நியமித்த பொறுப்பாளரின் கீழ் போனது. வெளியேற்றப்பட்ட ஆசிரியர்கள் திரும்பி வந்தார்கள். 1969இல் மாநிலச் சட்டமன்றம் பள்ளிப் பரவலாக்கச் சட்டம் கொண்டுவந்தது. நகரத்தை முப்பதுக்கும் மேற்பட்ட பெரிய வட்டாரங்களாகப் பிரித்தார்கள், ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் சோதனை கலைக்கப்பட்டது. மெக்காய் வேலை இழந்தார். காகிதத்தில் பார்த்தால் சங்கம் ஜெயித்தது. அந்தச் சட்டத்தின்படி வந்த வட்டார வாரியங்கள் 2002இல் அதிகாரம் மேயர் கைக்குப் போகும்வரை ஏதோ ஒரு உருவத்தில் நீடித்தன.

தேர்வுக் கதையும் அங்கே முடியவில்லை. பாஸ்டன் சான்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளரும் லூயிஸ் மெர்காடோ என்ற புவேர்ட்டோ ரிக்கரும் தேர்வாளர் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1971இல் கூட்டாட்சி நீதிபதி வால்டர் மேன்ஸ்ஃபீல்ட், தலைமையாசிரியர் போன்ற மேற்பார்வைப் பதவிகளுக்கு வைத்த தேர்வுகளை நிறுத்தி வைத்தார். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க விண்ணப்பதாரர்களை அந்தத் தேர்வுகள் அதிகமாகக் கழிக்கின்றன, வேலைக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பை வாரியத்தால் காட்ட முடியவில்லை என்பது காரணம். மூன்று வருடத்துக்கு முன் இதை ஒரு நீதிமன்றம் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆல்பர்ட் வான் மாநிலச் சட்டமன்றத்துக்கும் பிறகு நகர மன்றத்துக்கும் போனார். கேம்பல், ஜிட்டு வியூசி என்று பெயர் மாற்றிக்கொண்டு புரூக்ளினில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி நடத்தினார். ஷாங்கர் 1974இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவரானார், 1997இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அப்புறம், இந்த விவகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு கிளைக்கதை. அந்த நாட்களில் வகுப்பறைகளில் ஆசிரியருக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்துத் தாய்மார்கள், கறுப்பின, ஸ்பானிஷ் பேசும் பெண்கள். சம்பளம் மிகச் சொற்பம், விடுமுறைச் சம்பளம் இல்லை. வேலைநிறுத்தத்தின்போது இவர்களில் பலர் மறியலைத் தாண்டி உள்ளே போய்ப் பள்ளியைத் திறந்து வைத்தவர்கள். அந்தச் சண்டை ஓய்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 1969இல் அவர்களைச் சங்கத்தில் சேர்க்க வெல்மா ஹில் என்ற கறுப்பினப் பெண் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். இந்தச் சங்கத்திலா, இவர்களோடா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியர்களிலும் பலர், நம் மறியலைத் தாண்டியவர்களுக்கு நாம் ஏன் என்று முணுமுணுத்தார்கள். வாக்கெடுப்பில் உதவியாளர்கள் அதே ஆசிரியர் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தபோது அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்யத் தயாரா என்று ஆசிரியர்களிடம் கேட்கப்பட்டது, தயார் என்று வாக்களித்தார்கள்.

1970இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சம்பளம் கூடியது, கூடவே வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் படிக்க வழியும் கிடைத்தது. அந்த வழியில் போன ஆயிரக்கணக்கான பெண்கள் பட்டம் வாங்கி, நியூயார்க் பள்ளிகளில் ஆசிரியராகவே வகுப்புக்குள் போனார்கள், அதே சங்கத்தின் உறுப்பினர்களாக.